கஷ்ட காலமும் மூன்று தலைமுறையும்



விடியற்காலை நேரம். பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடியிருக்கிறார்கள். வழக்கமாக வேலை பிரித்து அனுப்பும் கிராணி இன்று கையில் ஒரு தாளோடு வருகிறார். தோட்டம் கைமாறிவிட்டது, இன்னும் சில மாதங்களில் வேலை நின்றுவிடும், லயத்து வீடுகளையும் காலி செய்து கொடுக்க வேண்டும். இதுதான் தாளில் உள்ள சேதி. அன்றும் வேலை நடந்தது. குலைகள் வெட்டப்பட்டன, உதிரிப் பழங்கள் பொறுக்கப்பட்டன. ஆனால் கைகள் மட்டுமே வேலைக்காட்டில் இருந்தன. மனம் வேறெங்கோ இருந்தது.

அன்று இரவு அந்தத் தோட்டத்தில் ஒரு வீட்டுக்குள் நுழைந்து பார்ப்போம். இது விளக்கத்துக்காக நாங்கள் அமைத்துக்கொண்ட குடும்பம்தான். ஆனாலும் இதைப் போன்ற குடும்பத்தை உங்கள் லயத்திலேயே நீங்கள் கண்டிருக்கலாம்.

வீட்டில் ஐந்து பேர். 80 வயதைக் கடந்த பாட்டி, அவருடைய மகன், வயது 52, மருமகள், எஸ்.பி.எம். பரீட்சைக்குப் படிக்கும் பேத்தி. தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும் பேரன். சோறும் கருவாட்டுக் குழம்பும் பரிமாறியாகிவிட்டது. அப்பா இரண்டு கவளம் தின்றுவிட்டுக் கை கழுவுகிறார்.

"ஏம்ப்பா, ஆபீசுல என்னமோ சொன்னாங்களாமே?" என்று பாட்டி கேட்கிறார்.

"ஒண்ணுமில்லம்மா. நீ சாப்பிட்டுப் படு."

அம்மா ஒன்றும் பேசவில்லை. சட்டிகளை மட்டும் சத்தமாக வைக்கிறார். பையன் தண்ணீர்க் குவளையைத் தட்டிவிடுகிறான். அப்பாவின் கை அவன் முதுகில் விழுகிறது. பேத்தி புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போகிறாள். விளக்கு அணைகிறது. ஐவரும் படுத்துவிட்டார்கள், ஆனால் ஒருவரும் தூங்கவில்லை.

நேயர்களே, அந்தப் பையன் அடி வாங்கியது சிந்திய தண்ணீருக்காகவா? இல்லை என்பது உங்களுக்கே தெரியும். அவன் வாங்கியது காலையில் வந்த தாளுக்குரிய அடி. அதுதான் அவனுக்குத் தெரியாது.

ஐந்து பேருக்கும் ஐந்து பயம்

அந்த ஐவரும் ஒருவர்மேல் ஒருவர் அன்பில்லாதவர்கள் அல்லர். அன்பு இருந்ததனால்தான் ஒருவரிடம் ஒருவர் மறைத்தார்கள். வயதானவரைக் கலங்க வைக்கக்கூடாது என்று மகன் மறைத்தார். மகனுக்குச் சுமையாக இருக்கக்கூடாது என்று பாட்டி மேற்கொண்டு கேட்காமல் விட்டார். ஆனால் மறைத்ததனால் யாருடைய பயமாவது குறைந்ததா?

பாட்டியின் பயம் வேறு. கணவரை அடக்கம் செய்த மண் இந்தத் தோட்டத்து மண். ஆண்டுதோறும் திருவிழா கண்ட மாரியம்மன் கோயில் இங்கேதான் இருக்கிறது. அக்கம்பக்கத்தார் முகம் தெரியாத அடுக்குமாடி வீட்டில், படியிறங்க முடியாமல் தன் கடைசி நாள் கழியுமோ என்பது அவர் கவலை.

மகனின் பயத்தில் வெட்கமும் கலந்திருக்கிறது. கோல் பிடித்துக் குலை வெட்டுவதைத் தவிர வேறு தொழில் தெரியாது. ஐம்பது வயதுக்குமேல் யார் வேலை கொடுப்பார்கள் என்று எண்ணுகிறார். மருமகளின் பயம் கணக்கு வழக்கைப் பற்றியது: வாடகை வீட்டுக்கு முன்பணம், தண்ணீர், மின்சாரம், பஸ் செலவு.

பேத்தி தனக்குள்ளே ஒரு முடிவு செய்துகொண்டாள். பரீட்சை முடிந்ததும் படிப்பை நிறுத்திவிட்டுத் தொழிற்சாலைக்குப் போவது என்பதே அந்த முடிவு. அவளை யாரும் போகச் சொல்லவில்லை. அவளும் யாரையும் கேட்கவில்லை. சிறுவனின் பயமோ எல்லாவற்றிலும் பரிதாபமானது. அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்ளாததற்குத் தானே காரணம் என்று அவன் நினைக்கிறான். சிறு பிள்ளைகளின் இயல்பே அதுதான். வீட்டில் ஏதோ சரியில்லை என்பது அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். காரணத்தைப் பெரியவர்கள் சொல்லாவிட்டால், தாங்களே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்வார்கள். அது பெரும்பாலும், "நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன்" என்பதாகவே இருக்கும்.

கவலை உடம்பில் செய்யும் வேலை

கவலை மனத்தில் மட்டும் தங்குவதில்லை. இதைத் தோட்டத்து அனுபவம் ஒன்றைக்கொண்டே விளக்கலாம்.

வெட்டிப்போட்ட மட்டைக் குவியலிலிருந்து திடீரென்று ஒரு நாகம் தலை தூக்குகிறது. உங்களுக்கு என்ன ஆகிறது? நெஞ்சு படபடக்கிறது. மூச்சு வேகமாகிறது. வாய் உலர்கிறது. சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள சிறிய சுரப்பிகள் அட்ரினலின் என்னும் பொருளை இரத்தத்தில் விடுகின்றன. ஓடவோ அடிக்கவோ கைகால்களுக்கு வலுவேற்றுவதற்காக உடம்பு செய்யும் ஏற்பாடு அது. பாம்பு போய்விட்டால் சிறிது நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும்.

ஆனால் வேலை போகும், வீடு போகும் என்ற கவலை வந்துவிட்டால் அந்தப் பாம்பு போவதேயில்லை. சாப்பிடும்போதும் படுக்கும்போதும் அது கூடவே இருக்கிறது. ஆகவே உடம்பு இரவும் பகலும் காவல் காக்கிறது. தூக்கம் கெடுகிறது, தலை வலிக்கிறது, வயிறு கலங்குகிறது. இரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ளவர்களுக்கு அவை கட்டுக்கு அடங்காமல் ஏறலாம். சிறு சத்தமும் எரிச்சல் ஊட்டுகிறது. நாம் கோபம் என்று நினைப்பது பல வேளைகளில் பயமாகவே இருக்கும்.

வயதுக்கு ஏற்றபடி அறிகுறிகளும் மாறுகின்றன. சிறு பிள்ளை மறுபடியும் பாயை நனைக்கலாம். பள்ளிக்குப் போகும் வேளையில் வயிற்றுவலி என்று அழலாம். பருவப் பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொண்டு கைத்தொலைபேசியே கதியென்று கிடக்கலாம். ஆண்கள் பலர் கள்ளையோ சம்சுவையோ நாடுகிறார்கள். குடித்தால் தூக்கம் வருவதுபோல் தோன்றும், ஆனால் நடு இரவில் விழிப்பு வந்துவிடும், மறுநாள் மனம் இன்னும் சோர்ந்துபோகும், கையிருப்பும் கரையும். பெண்கள் வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஓயாமல் உழைப்பார்கள். முதியவர்கள் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு, "எனக்கு எதுவும் வேண்டாம்" என்று மூலையில் ஒதுங்குவார்கள். இவற்றைத் திமிர் என்றும் சோம்பல் என்றும் வயதின் கோளாறு என்றும் நாம் தவறாகக் கணக்குப் போட்டுவிடுகிறோம்.

பேசாமல் போன கதைகள்

துன்பத்தை விழுங்கிக்கொள்ளும் இந்தப் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது? சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம்.

1942-இலும் 1943-இலும் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீள இருப்புப்பாதையைப் போட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் அதற்காகக் கொண்டு போகப்பட்டார்கள். காலராவும் மலேரியாவும் பசியும் அடியும் எத்தனையோ பேரை அங்கேயே மாய்த்தன. உயிரோடு திரும்பியவர்களில் பலர் தாங்கள் கண்டதை வீட்டில் வாய்திறந்து சொன்னதில்லை. சொல்லவும் முடியவில்லை, கேட்கவும் ஆளில்லை.

அதன்பின் 1950-களில் தோட்டத் துண்டாடல் வந்தது. பெரிய தோட்டங்கள் சிறு சிறு துண்டுகளாக விற்கப்பட்டு, தொழிலாளர் குடும்பங்கள் வெளியேற நேர்ந்தது. துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியதற்கு அதுவே காரணம். தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகப் பணம் போட்டுத் தோட்டங்களை வாங்கினார்கள்.

1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமாயிற்று. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த பல்லாயிரம் பேர் வேலை இழந்து தமிழகத்துக்குக் கப்பலேறினார்கள். அண்ணன் ஒரு கரையிலும் தம்பி மறு கரையிலுமாகப் பிரிந்த குடும்பங்கள் எத்தனை! பிறகு 1980-களிலும் 1990-களிலும் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் நகரங்களாகவும் மாறின. இன்று புத்ரா ஜெயா நிற்கும் இடத்தில் முன்பு பெராங் பெசார் போன்ற தோட்டங்கள் இருந்தன.

இவ்வளவையும் தாங்கியது நம் சமுதாயம். "வாயைத் திறந்தால் வம்பு" என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் நினைத்ததற்குக் காரணம் உண்டு. கங்காணிக்கும் துரைக்கும் முன்னால் வாய் திறந்தால் வேலை போகும் என்ற நிலை அன்று இருந்தது. ஆனால் வெளியில் நம்மைக் காப்பாற்றிய மௌனத்தை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டோம். அப்பாவின் மௌனத்தைப் பார்த்து வளர்ந்த மகன், தன் மகனிடமும் அதே மௌனத்தைக் காட்டுகிறான். சேர்த்து வைத்த பயம் சொல்லாக வெளிவராமல் அடியாகவும் வசையாகவும் வெளிவருகிறது. அதுவே அடுத்த தலைமுறைக்கும் போய்ச் சேருகிறது.

வீட்டார் என்ன செய்யலாம்?

முதலாவது, உண்மையைச் சொல்லுங்கள். வயதுக்குத் தக்கபடி சொல்லுங்கள். பத்து வயதுப் பையனுக்குக் கடன் கணக்கு வேண்டியதில்லை. "தம்பி, தோட்டத்தை வித்துட்டாங்க. நாம வேற வீட்டுக்குப் போகணும். அதனாலதான் அப்பா யோசனையா இருக்கேன். உன் மேல தப்பு ஒண்ணும் இல்ல. எங்க போனாலும் எல்லாரும் ஒண்ணாத்தான் போறோம்." இவ்வளவு போதும். பாட்டியிடமும் அப்படியே. முதியவர்கள் கண்ணாடிப் பாத்திரங்கள் அல்லர். நம்மைவிடப் பெரிய காற்றையும் மழையையும் கண்டவர்கள். அவர்களிடம் மறைப்பது, அவர்களை வீட்டுக் கணக்கிலிருந்தே விலக்கிவிடுவதற்குச் சமம்.

இரண்டாவது, தினமும் அரை மணி நேரம் ஒன்றாக உட்காருங்கள். இரவுச் சோறு முடிந்தபின் தொலைக்காட்சியையும் கைத்தொலைபேசியையும் ஒதுக்கிவிட்டு, வரக்காப்பியோடு அடுப்பங்கரையில் கூடினால் போதும். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக்கூடாது. உடனே புத்திமதி சொல்லவும் வேண்டாம். "அப்படியா, மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும்" என்ற ஒரு சொல், பத்து யோசனைகளைவிட ஆறுதல் தரும்.

மூன்றாவது, பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "நாங்க படாத கஷ்டமா? இதெல்லாம் ஒரு கஷ்டமா?" என்று தொடங்காதீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் பிள்ளைகளின் வாய் அடைத்துவிடும். அதற்குப் பதிலாக, அன்று எப்படிச் சமாளித்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். யார் அரிசி கடன் கொடுத்தது, எந்த வீட்டில் பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போனது, அழுகை வந்தபோது யாரிடம் போய் அழுதது என்றெல்லாம் சொல்லுங்கள். பயந்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பயந்தவர்களும் பிழைத்தார்கள் என்பது பிள்ளைகளுக்குப் பெரிய பாடம்.

நான்காவது, கோபம் தலைக்கேறும்போது வாசலுக்கு வாருங்கள். லயத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வாருங்கள். நெஞ்சின் படபடப்பு அடங்கச் சற்று நேரம் பிடிக்கும். அதற்குள் கையை ஓங்கினால் பிறகு வருந்த வேண்டிவரும். தவறிக் கை நீட்டிவிட்டால், பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதில் அவமானம் ஒன்றுமில்லை. அதனால் தகப்பனின் மதிப்பு குறையாது, கூடும்.

ஐந்தாவது, ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை கொடுங்கள். சும்மா இருக்கும் மனத்தில்தான் கவலை கூடு கட்டும். பழைய பத்திரங்கள், பிறப்புச் சான்றிதழ்கள், சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றைத் தேடி எடுத்து அடுக்குவது பேத்தியின் வேலையாகட்டும். கொல்லைப்புறத்து முருங்கையிலும் கருவேப்பிலையிலும் பதியனோ கன்றோ எடுத்துத் தொட்டியில் வைப்பதைப் பாட்டியும் பேரனும் செய்யட்டும். புது வீட்டு வாசலிலும் பழைய வீட்டுச் செடி ஒன்று இருந்தால், பாட்டியின் மனத்துக்கு அதுவே துணை. சாப்பாட்டு நேரம், படிக்கும் நேரம், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவது ஆகியவற்றை மட்டும் மாற்றாதீர்கள். எல்லாம் மாறும்போது மாறாமல் சில இருக்க வேண்டும்.

ஆறாவது, உரிமைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். பயத்தில் பாதி, அறியாமையால் வருவது. தீபகற்ப மலேசியாவில் 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி, வேலை நிறுத்தப்படும் தொழிலாளி ஒருவர் 5 ஆண்டும் அதற்கு மேலும் உழைத்திருந்தால், ஒவ்வோர் ஆண்டுக்கும் 20 நாள் சம்பளம் ஈட்டுத்தொகையாகக் கிடைக்க வேண்டும். 2 ஆண்டுக்கு மேல் 5 ஆண்டுக்குள் என்றால் 15 நாள். ஓராண்டு முதல் 2 ஆண்டுக்குள் என்றால் 10 நாள். நாம் பார்த்த வீட்டுத் தகப்பனார் 20 ஆண்டு வேலை செய்திருந்தால், 400 நாள் சம்பளம் அவருக்குச் சேர வேண்டியது. புதிய முதலாளி முன்பைவிடக் குறையாத நிபந்தனைகளோடு வேலையைத் தொடரக் கொடுக்க முன்வந்தால் கணக்கு மாறும். ஒப்பந்தத்தில் குறைவான தவணை எழுதப்பட்டிருந்தாலும், இப்படி வேலை நிறுத்தப்படும்போது 5 ஆண்டும் அதற்கு மேலும் உழைத்தவருக்குக் குறைந்தது 8 வார முன்னறிவிப்பும் உண்டு. தொழிலாளர் இலாகாவிலும், 1954-இல் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்திலும் இவற்றைக் கேட்டுத் தெளியலாம். போகும்போது படித்த பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். காகிதத்தை அவள் படிப்பாள். பேச வேண்டியதை நீங்கள் பேசுவீர்கள். இருவருக்குமே அது தைரியம்.

வெளி உதவி தேவைப்படும்போது

வீட்டார் கூடிப் பேசியும் தீராத சோர்வு உண்டு. இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பற்றில்லை என்றால், அது நோய்க்கு அறிகுறியாக இருக்கலாம். அரசாங்கச் சுகாதார மருந்தகத்தில் காய்ச்சலுக்குப் போவதுபோலவே இதற்கும் போகலாம். மனச்சோர்வுக்கு மருத்துவம் உண்டு. அதைப் பைத்தியம் என்று பேசுவது அறியாமை.

"நான் இருந்து என்ன பயன்" என்று வீட்டில் யாராவது சொன்னால், அதைக் காதில் வாங்காமல் விடாதீர்கள். "சாகலாம் என்று தோன்றுகிறதா?" என்று அன்போடு நேராகக் கேளுங்கள். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. உள்ளே இருப்பதை இறக்கி வைக்க அது வழி செய்யும். அவரைத் தனியே விடாதீர்கள். களைக்கொல்லி மருந்தோ வேறு விஷ மருந்தோ வீட்டில் இருந்தால் உடனே அப்புறப்படுத்துங்கள். வேலைக்காட்டு மருந்தை வீட்டுக்குக் கொண்டுவரும் வழக்கமே வேண்டாம். முன்பு நம் நாட்டில் தற்கொலை முயற்சி சட்டப்படி குற்றமாக இருந்தது. போலீசுக்குப் பயந்து பலர் உதவி தேடாமல் இருந்தார்கள். 2023-இல் அந்தச் சட்டப் பிரிவு நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே தயங்காமல் மருத்துவமனைக்குப் போகலாம். அரசாங்கத்தின் 15999 என்ற தொலைபேசி எண் இரவும் பகலும் இயங்குகிறது. வீட்டில் அடி உதை நடந்தாலும் அதே எண்ணை அழைக்கலாம்.

நேயர்களே, மீண்டும் அந்த வீட்டுக்குப் போவோம். மறுநாள் இரவு. அப்பா கை கழுவாமல் உட்கார்ந்திருக்கிறார். "அம்மா, நேத்து ஒண்ணுமில்லன்னு சொன்னேன். அது பொய்" என்று தொடங்குகிறார். சொல்லி முடிக்கும்போது அவர் குரல் தழுதழுக்கிறது. பாட்டி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொல்கிறார்: "எங்கப்பா சயாமுக்குப் போனப்போ நான் கைக்குழந்தை. அவர் திரும்பி வரவேயில்ல. எங்கம்மா என்னை ஆயாக் கொட்டகையில விட்டுட்டுப் பால் வெட்டப் போனாங்க. ராத்திரியில அழுவாங்களாம். பக்கத்து வீட்டு அக்காதான் கூட உட்கார்ந்திருப்பாங்களாம். நீ அழணும்னா அழுப்பா. நாங்க இருக்கோம்."

இந்தக் கதையை மகன் 52 ஆண்டுகளில் அன்றுதான் முதல் முறையாகக் கேட்கிறார். பேத்தி தன் முடிவைச் சொல்கிறாள். "படிப்ப நிறுத்தறத பத்தி இந்த வீட்டுல யாரும் பேசக்கூடாது" என்கிறார் அம்மா. சிறுவன் கேட்கிறான்: "அப்போ என் மேல கோபம் இல்லையாப்பா?" அப்பா அவனை இழுத்து மடியில் வைத்துக்கொள்கிறார்.

அந்தத் தாள் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. தோட்டம் விற்றது விற்றதுதான். வீடு தேட வேண்டும், வேலை தேட வேண்டும். ஆனால் நேற்றுவரை ஐந்து பேர் தனித்தனியே சுமந்த பாரத்தை இன்று ஐந்து பேரும் ஒன்றாகத் தூக்குகிறார்கள். அன்றிரவு அந்த வீட்டில் இரண்டு பேராவது தூங்கியிருப்பார்கள்.

இன்றிரவு உங்கள் வீட்டிலும் வரக்காப்பி போடும்போது ஒரு குவளை கூடுதலாகப் போடுங்கள். மூலையில் ஒதுங்கியிருப்பவரை அழைத்துப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.